உங்களுக்குத் தெரியுமா? கடல் விட்டுப்போன தெருக்கள்

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் மூன்று நாளில் முப்பது இடம் பார்க்க ஓடுகிறார்கள். அதில் ஒரு நாளை மட்டும் நடைக்கு ஒதுக்கிவையுங்கள். காலையில் தெலுக் ஆயரில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, பீச் ரோடு வழியாகப் போய், சாயங்காலம் சிராங்கூன் சாலையில் முடித்துக்கொள்ளலாம். சந்து பொந்துகளையும் சேர்த்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர் வரும். அவசரம் வேண்டாம். இந்த வழியில் பாதித் தூரம் பழைய கடற்கரை. கடலைத் தூர்த்துத் தள்ளிவைத்துவிட்டார்கள். அது எங்கே இருந்தது என்று தேடிக்கொண்டே நடப்பதுதான் இந்த ஊரை அறிய நல்ல வழி என்பது என் அனுபவம்.

ஏழு மணிக்குத்தான் விடியும்

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 137 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் இது. ஆண்டு முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். அப்படியானால் ஆறு மணிக்கு விடிய வேண்டுமே? விடியாது. தீர்க்கரேகைக் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டிய கடிகாரம் 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 முதல் இந்த ஏற்பாடு. அதனால் சூரியன் வருவதும் ஏழு மணிக்கு, போவதும் ஏழு மணிக்கு. உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒரு மணிக்கு. நடக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை கூரைக்குக் கீழே இருங்கள்.

ஒரு கோப்பைக்கு மூன்று மொழி

இங்கே உணவங்காடிகளில் கிடைப்பது காபி இல்லை, கோப்பி. மலாய்ச் சொல். பால் சேர்க்காத கோப்பி வேண்டுமானால் ‘கோப்பி ஓ’. அந்த ‘ஓ’, கறுப்பு என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல். சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோசோங்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அது மலாயில் வெறுமை. பக்கத்து மேசைக்காரர் தமிழில் ‘அண்ணே, ஒரு கோப்பி ஓ கோசோங்’ என்பார். எல்லாருக்கும் புரியும். இந்த உணவங்காடிப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தெலுக் ஆயர் என்றால் என்ன?

தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். தெருவில் நின்று பார்த்தால் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் படாது. நாலு பக்கமும் வங்கிக் கட்டடங்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அலை இந்தத் தெருவின் ஓரத்தில்தான் அடித்தது. கப்பலிலிருந்து படகில் இறங்கியவர்கள் முதலில் கால்வைத்த கரைகளில் இது ஒன்று. இன்று இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் ராபின்சன் சாலை, ஷென்டன் வே, அதற்கப்பாலும் புதுநிலம் என்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.

மலை எங்கே போயிற்று?

கடலுக்குள் போயிற்று. தெலுக் ஆயர் விரிகுடாவைத் தூர்க்க மண் வேண்டியிருந்தது. பக்கத்திலிருந்த வாலிச் குன்றை வெட்டிக் கொட்டினார்கள். இந்த வேலை ஊர் பிறந்தபோதே தொடங்கிவிட்டது. 1822-ல் ஊரை நிறுவிய ராஃபிள்ஸ் ஒரு சிறு குன்றைத் தரைமட்டமாக்கி, ஆற்றின் தென்கரைச் சதுப்பை மேடாக்கச் சொன்னார். குன்று இருந்த இடம்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். 1960-களில் ஏறக்குறைய 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது.

கரையேறியதும் கும்பிட்ட தெரு

தெலுக் ஆயர் தெருவில் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். இந்த நடை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தெருவில் முதலில் தியான் ஹொக் கெங் கோயில். ஹொக்கியன் சீனர்கள் 1839-ல் தொடங்கி 1842-ல் முடித்தார்கள். உள்ளே இருப்பவள் மாசூ, கடலோடிகளைக் காக்கும் தாய். தென்சீனக் கடலின் புயலுக்குத் தப்பி வந்தவர்கள், கரை ஏறிய கையோடு நன்றி சொல்ல வந்து நின்ற வாசல் அது. கோயில் கட்டுவதற்கு முன்பே அங்கே ஒரு சிறு வழிபாட்டிடம் இருந்தது.

அங்கிருந்து சில கட்டடங்கள் தள்ளி, பூன் டாட் தெரு முனையில், அடுக்கடுக்கான குட்டி மினாராக்களோடு ஒரு வெள்ளைக் கட்டடம். நாகூர் தர்கா! 1828-க்கும் 1830-க்கும் இடையில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. சூலியா என்று இவர்களை அப்போது அழைத்தார்கள். நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது கடலில் போகிறவர்களைக் காப்பார் என்பது நாகப்பட்டினக் கரையில் எல்லாச் சமயத்தாருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஊரில் இருக்கும் தர்காவின் சாயலிலேயே இங்கே ஒன்று எழுப்பிவிட்டார்கள். இங்கே அடக்கம் ஏதும் இல்லை, நினைவிடம் மட்டும். இப்போது இது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம்.

தியான் ஹொக் கெங்குக்கு மறுபக்கம் சில அடி நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827-ல் கூரைக் குடிசையாகத் தொடங்கியது. அதனால் நம்மவர்கள் வைத்த பெயர் ‘குச்சுப் பள்ளி’. குச்சு என்றால் குடிசை. 1850-களில் செங்கல் கட்டடமாகிவிட்டது. பெயர் இன்னும் குச்சுப் பள்ளிதான்.

சீனத்தாயும் நாகூர் நாயகமும் ஒரே தெருவில் அடுத்தடுத்து இடம்பிடித்தது தற்செயல் இல்லை. இரு தரப்பாரும் வந்திறங்கிய கரை ஒன்று. அவர்கள் பயந்த கடலும் ஒன்று.

நல்ல தண்ணீர் இல்லாததால் இடம் மாறிய அம்மன்

மூன்றாவது தரப்பாரான இந்துக்கள் ஏன் இந்தத் தெருவில் இல்லை? இருந்திருப்பார்கள். மாரியம்மன் கோயிலுக்கும் முதலில் தெலுக் ஆயரில்தான் இடம் ஒதுக்கினார்கள். ஆனால் பூசைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் கிணறு தோண்டினால் உப்பு. அந்த இடத்தை விட்டுவிட்டார்கள். ஸ்டாம்போர்டு கால்வாய் அருகே கிடைத்த இரண்டாவது இடம் நகரத் திட்டத்தோடு ஒத்துவரவில்லை. கடைசியாக 1823-ல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இப்போதைய நிலம் கிடைத்தது. 1827-ல் மரமும் கீற்றும் கொண்டு கோயில் எழுந்தது. 1843-ல் செங்கல்லாயிற்று.

இதற்கு முன்னின்றவர் நாராயண பிள்ளை. பினாங்கில் அரசு வேலையில் இருந்தவர். 1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது ‘இந்தியானா’ கப்பலில் கூடவே வந்தார். தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை போட்டார், துணி வியாபாரம் செய்தார். இந்த ஊரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர்களில் ஒருவர் என்று சொல்லலாம். 2019-ல், ராஃபிள்ஸ் வந்து 200 ஆண்டு ஆனதைக் குறித்தபோது, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் ஒரு சிலை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அது நிலையாகவே நின்றிருக்கலாம் என்பது என் ஆசை.

மாட்டுவண்டித் தண்ணீர்

கடலோரத்தில் கிணறு உப்பென்றால் ஊர் எதைக் குடித்தது? மாட்டுவண்டிகள் கொண்டுவந்த தண்ணீரை. ஆன் சியாங் குன்றுப் பக்கத்துக் கிணற்றுநீரை வண்டிகளில் ஏற்றி வீடு வீடாக ஊற்றினார்கள். அதனால்தான் சைனாடவுனுக்கு மலாயில் கிரேத்தா ஆயர், ‘தண்ணீர் வண்டி’ என்று பெயர். சீனர்களும் அந்த வட்டாரத்தை ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்றே தங்கள் மொழியில் சொல்கிறார்கள். சைனாடவுன் என்பது வெளியிலிருந்து ஒட்டிய பெயர்.

சீனர் தெருவுக்குக் கோபுரம் தந்த பெயர்

சைனாடவுனில் பகோடா ஸ்திரீட் என்று ஒரு தெரு உண்டு. சீனப் பகோடாவைத் தேடாதீர்கள். மாரியம்மன் கோயில் கோபுரத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள். கோயிலின் மறுபக்கத்துத் தெரு டெம்பிள் ஸ்திரீட். அதுவும் இந்தக் கோயில்தான்.

பெரிய பள்ளி

மாரியம்மன் கோயிலுக்குச் சில அடி தள்ளி, அதே சாலையில், பச்சை வண்ண இரட்டை மினாராக்களோடு ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826-ல் நிறுவப்பட்டது. தமிழ் முஸ்லிம்கள் இதைப் பெரிய பள்ளி என்பார்கள். குச்சுப் பள்ளி ஒன்று இருந்தால் பெரிய பள்ளி ஒன்றும் இருக்க வேண்டுமே.

அஞ்சடி

இந்த ஊரில் மழை கேட்டுவிட்டு வராது. வந்தால் ஒதுங்க இடம் தேடவும் வேண்டாம். கடைவீடுகளின் முகப்பில், மாடியின் கீழே, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு அறுபடாமல் ஓடும் நடைக்கூடம் இருக்கும். 1822-ல் நகரத்தைத் திட்டமிட்டபோது ராஃபிள்ஸ் போட்ட விதி அது: ஒவ்வொரு வீடும் முன்பக்கம் கூரையிட்ட வழி விட வேண்டும், அது பொதுமக்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். அகலம் ஐந்தடி. மலாயில் காக்கி லீமா, அதாவது ஐந்து அடி. தமிழர் வாயில் அது அஞ்சடி.

விதி போட்டவர் நினைத்தது நடப்பவர்களை. வாழ்ந்தவர்கள் அதில் இன்னும் பலவற்றைப் பொருத்தினார்கள். கடிதம் எழுதித் தருபவர், முடி வெட்டுபவர், செருப்புத் தைப்பவர், பெட்டிக்கடைக்காரர் எல்லாருக்கும் அஞ்சடிதான் முகவரி. வெயில் ஏறிய பிறகு சாலையோரமாக நடக்காதீர்கள், அஞ்சடிக்குள் போய்விடுங்கள். ஒவ்வொரு வீட்டு முன்னும் தரை ஓடு மாறும். ஓரிடத்தில் பூ, அடுத்ததில் கட்டம். தலை நிமிர்ந்து நடப்பவர்களும் இங்கே கொஞ்சம் குனிந்து பாருங்கள். படிகள் உயர்ந்து தாழும், அதற்காகவும் குனியத்தான் வேண்டும்.

செட்டித் தெரு

மார்க்கெட் ஸ்திரீட்டுக்குத் தமிழில் செட்டித் தெரு என்று பெயர். நகரத்தார் இங்கே கிட்டங்கி வைத்திருந்தார்கள். நீளமான கூடம், இரு பக்கமும் பெட்டகங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப்பெட்டி, முன்னால் ஒரு சாய்வு மேசை. பகலில் கடன் கொடுத்து வாங்கும் இடம், இரவில் பாய் விரித்தால் படுக்கை. ஒரே கிட்டங்கியில் பல கடைகள் நடந்தன. பெரிய வங்கிகளின் வாசலுக்குப் போக முடியாத சிறு வியாபாரிகள், சீனர் மலாய்க்காரர் தமிழர் எல்லாருமே, இந்தப் பாய்களின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

1970-களில் அந்தக் கிட்டங்கிகளை இடித்து, பின்னர் பல மாடி வண்டி நிறுத்தம் கட்டினார்கள். அதையும் இடித்துவிட்டு இப்போது 280 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரக் கட்டடம் நிற்கிறது. செட்டித் தெருவைப் பார்க்கப் போகிறவருக்குப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

நகரத்தார் 1859-ல் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் மட்டும் டேங்க் ரோட்டில் நன்றாக இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல்நாள் முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் சாலையிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு வருவார். அந்த நாளுக்கு இங்கே பெயர் செட்டிப் பூசம்.

கடலில் நின்ற சந்தை

லாவ் பா சாட் என்றால் ஹொக்கியனில் ‘பழைய சந்தை’. எண்கோண வடிவம், வார்ப்பிரும்புத் தூண்கள், நடுவில் மணிக்கூண்டு. 1820-களின் முதல் சந்தை அலைமேல் நின்றது. மீனைப் படகிலிருந்து நேரே இறக்கலாம். கடலைத் தூர்த்ததும் சந்தைக்கு வேலை போயிற்று. பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சி 1894-ல் புதுநிலத்தில் இப்போதுள்ளதைக் கட்டினார். 1986-ல் பெருவிரைவு ரயில் சுரங்கம் வந்தபோது இரும்பை எல்லாம் கழற்றி எண்போட்டு வைத்து, பிறகு பழையபடி பூட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல நிழல் இந்த வட்டாரத்தில் இல்லை.

கண் வரைந்த படகுகள்

போட் கீயில் ஆறு வளையும் இடம் கெண்டை மீனின் வயிறுபோல இருக்கிறதாம். அதனால் செல்வம் சேரும் என்று நம்பிச் சீன வணிகர்கள் கடை வைத்தார்கள். நம்பிக்கை வீண்போகவில்லை. 1860-களில் ஊரின் கப்பல் சரக்கில் நான்கில் மூன்று பங்கு இந்தக் கரையில் ஏறி இறங்கிற்று.

பெரிய கப்பல்கள் வெளியே நிற்கும். தொங்காங் என்னும் படகுகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். தொடக்க காலத்தில் அந்தப் படகுகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சூலியாத் தமிழர்கள். பின்னால்தான் அந்தத் தொழில் ஹொக்கியன் சீனர் கைக்குப் போயிற்று. சீனப் படகுகளின் முகப்பில் இரண்டு கண் வரைந்திருக்கும். வழி பார்த்துப் போக வேண்டுமே! கண்கள் கடைசியாக இந்த ஆற்றைப் பார்த்தது 1983-ல். ஆற்றைத் தூய்மையாக்கும் பத்தாண்டுப் பணியில், 1977 முதல் 1987 வரை, படகுகளை எல்லாம் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பிவிட்டார்கள்.

சவுத் பிரிட்ஜ், நார்த் பிரிட்ஜ்: எந்தப் பாலம்?

எல்ஜின் பாலம். ஆற்றின்மேல் முதல் பாலம் அந்த இடத்தில்தான் 1822-ல் வந்தது. அதற்குத் தெற்கே போவது சவுத் பிரிட்ஜ் ரோடு, வடக்கே போவது நார்த் பிரிட்ஜ் ரோடு.

குதிரைக்கு அனுமதி இல்லை

ஆற்றின் முகத்துவாரத்தில் காவனா பாலம், 1869-ல் கட்டியது. இரும்புக் கம்பிகள் தாங்கும் அழகான பாலம். இப்போது நடப்பவர்களுக்கு மட்டும். பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது: மொத்த எடை 3 அந்தர், அதாவது சுமார் 152 கிலோவுக்கு மேல் போகும் வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் போகக் கூடாது. மற்றப் பாலங்களை வண்டிகளுக்கு விட்டுவிட்டு ஆற்றை இதன் வழியே கடந்துபோங்கள்.

ஆற்றில் இப்போது உப்பு இல்லை

2008-ல் மரினா அணைக்கட்டு கட்டியதிலிருந்து சிங்கப்பூர் ஆறு கடலைத் தொடுவதில்லை. முகத்துவாரமே நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. குடிநீருக்குப் பயன்படுவது. நல்ல தண்ணீர் இல்லை என்று அம்மன் கோயில் இடம்மாறிய ஊரில், அந்தக் கடல் இருந்த இடத்திலேயே இப்போது நல்ல தண்ணீர். இந்த நடையில் தெரிந்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது இதுதான்.

யாராலும் படிக்க முடியாத கல்

ஆற்று முகத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் உயரமும் அகலமும் உள்ள மணற்பாறை ஒன்று நின்றது. அதில் ஐம்பது வரிபோல எழுத்து. அதை 1843-ல் ஆற்று வாயை அகலப்படுத்துவதற்காக வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பிய ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. எந்த மொழி என்றே இன்றுவரை உறுதியாகவில்லை. ஒரு ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிவைத்த மிகப் பழைய சொல்லை ஒரு காலைப்பொழுதில் இழந்துவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சிங்கம் நகர்ந்தது

சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையின் உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன். 1972 முதல் ஆற்று வாயில் நின்றது. 1997-ல் எதிரே எஸ்பிளனேடு பாலம் வந்து முகத்தை மறைத்ததால், 2002-ல் 120 மீட்டர் நகர்த்தினார்கள்.

பாடாங்

திடல் என்று பொருள். இதன் ஓரம்வரை கடல் இருந்தது. எஸ்பிளனேடு பூங்கா பின்னால் வந்த நிலம். 1943 ஜூலை 5 அன்று இந்தத் திடலில்தான் நேதாஜி இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பை ஏற்று, டெல்லிக்குப் போவோம் என்ற முழக்கத்தைக் கொடுத்தார். பிறகு அந்தப் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். இந்த ஊரில் மருத்துவராக இருந்த சென்னைப் பெண் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படை உருவானதும் இந்த ஊரில்தான். பால்மரம் சீவிய பெண்கள் அதில் துப்பாக்கி ஏந்தினார்கள்.

பூங்காவுக்குள் ஒரு நினைவுக்குறி இருக்கிறது. உயிர்நீத்த வீரர்களுக்கான நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலை 8-ல் நேதாஜி அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அதை இடித்துத் தள்ளினார்கள். 50 ஆண்டு கழித்து, 1995-ல், அந்த இடத்தைக் குறித்து இந்தக் கல்லை வைத்தார்கள். பயணிகள் கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடும். நீங்கள் தேடிப் பிடித்துப் பாருங்கள்.

முட்டை, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை

இது சமையல் குறிப்பு இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் சுவர்.

1850-களில் இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். 1825-லிருந்தே கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள்; சென்னை மாகாணத்துக்காரர்களும் அதில் நிறைய. சாலை போட்டதும் கடற்சுவர் எழுப்பியதும் அவர்கள். பேராலயத்தின் உட்சுவருக்குப் பூசியது ‘மெட்ராஸ் சுண்ணம்’. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்து, பூசிக் காய்ந்ததும் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதாக இருக்காது. 1862-ல் தேவாலயம் அருட்பொழிவு பெற்றது. வேலை செய்தவர்களின் பெயர்கள் அதிகம் பேசப்படுவதில்லை. உள்ளே போனால் சுவரைத் தொடாமல் அருகில் நின்று பாருங்கள். அந்த வெண்மையில் நம் கொத்தர்களின் கை இருக்கிறது.

நனைந்த அரிசி, வெளுத்த துணி

பிராஸ் பாசா என்றால் நனைந்த அரிசி. படகில் வந்த ஈர அரிசியை ஓடைக்கரையில் காயவைத்தார்கள். அதே ஓடையில் மேலே தள்ளிச் சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த இடம் தோபி காட். ஓடை இன்று சாலைக்கடியில்.

கடல் பார்த்த ஹோட்டல்

ராஃபிள்ஸ் ஹோட்டல் 1887-ல் திறந்தபோது வாசலில் கடற்காற்று வீசியது. சாலையின் பெயரே பீச் ரோடு. இப்போது அந்தப் பீச் ரோட்டில் நின்று கடல் எங்கே என்று கேட்டால் வழிப்போக்கர் ரயில் நிலையத்தைக் காட்டுவார்.

குப்பி அடிகள்

கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலின் பொன்னிறக் கவிமாடத்துக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை தெரியும். கல் இல்லை, கண்ணாடிக் குப்பிகளின் அடிப்பாகம். 1932-ல் முடிந்த கட்டடத்துக்குப் பணக்காரர்கள் மட்டும் கொடுத்ததாக இருக்கக் கூடாது என்று, ஏழைகள் குப்பிகளைச் சேர்த்துத் தந்தார்கள். கொடுத்ததை உச்சியில் வைத்தார்கள்.

கிளாம் என்பது ஒரு மரம். அதன் பட்டையைப் படகின் இடுக்குகளில் திணித்து நீர் புகாமல் அடைப்பார்கள். இங்கேயும் பேச்சு கடலில்தான் வந்து முடிகிறது.

சாய்ந்த மினாரா

கம்போங் கிளாமைத் தாண்டிப் பீச் ரோட்டில் ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல். மலாக்காவிலிருந்து வந்த வணிகப் பெண்மணி ஒருவர் 1840-களில் கட்டிக்கொடுத்தது. அதன் மினாரா சுமார் 6 டிகிரி சாய்ந்து நிற்கிறது. அடியில் இருப்பது கடற்கரை மணல். தூர்த்தாலும் மூடினாலும் மண் தன் குணத்தை விடவில்லை.

எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்கள்

இனி உள்நாட்டுப் பக்கம் திரும்புங்கள். சிராங்கூன் சாலைப் பகுதியில் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் பெரிய தொழில். எருமைக்குப் புல்லும் தண்ணீரும் இருந்த தாழ்நிலம். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டும் எருமைதான், ஒன்று ஆங்கிலம், ஒன்று மலாய். புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவமனையின் பெயர் கே.கே., விரித்தால் காண்டாங் கெர்பாவ், ‘எருமைத் தொழுவம்’. சிங்கப்பூரர்களில் லட்சக்கணக்கானோர் பிறந்த இடம் அது.

தேக்கா சந்தைக்கும் நம் தேக்கு மரத்துக்கும் தொடர்பில்லை. அங்கே மூங்கில் புதர் இருந்தது. ஹொக்கியனில் மூங்கிலடி என்ற சொல் தேய்ந்து தேக்கா ஆயிற்று. 1982-ல் புதுக் கட்டடம் எழுந்தபோது மாண்டரினில் ஜுஜியாவ் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது ஏறவே இல்லை. 2000-ல் தேக்கா என்றே திருத்திவிட்டார்கள்.

இருபத்தைந்து கதிர்

டன்லப் தெருவில் தமிழ் முஸ்லிம்கள் 1907-ல் கட்டத் தொடங்கிய அப்துல் கபூர் பள்ளிவாசலின் முகப்பில் ஒரு சூரியன். கதிர்கள் 25. ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர், அரபு எழுத்தில். எண்ணிப் பாருங்கள்.

சுண்ணாம்புக் கம்பம்

சிராங்கூன் சாலைக்குப் பழைய தமிழர்கள் வைத்த பெயர் சுண்ணாம்புக் கம்பம். கம்பம் என்றால் கம்போங், சிற்றூர். இங்கே சுண்ணாம்புச் சூளைகள் இருந்தன, வேலைக்காரர்கள் நம்மவர்கள். இந்தச் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கே முன்பு ‘சுண்ணாம்புக் கம்பம் கோயில்’ என்றுதான் பெயர். மத்தியானம் பார்த்த பேராலயச் சுவருக்கு வேண்டியது சுண்ணாம்பு. அஞ்சடித் தூண்களுக்கு வேண்டியதும் அதுவே. ஊரின் வெள்ளைச் சுவர்களுக்கெல்லாம் வாழ்வு கொடுத்தது இப்படிப்பட்ட சூளைகள்.

இந்தப் பெயரை இப்போது அறிந்தவர்கள் குறைவு. கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் ஒருமுறை கேட்டேன். கையை நிறுத்தாமல், “எங்க தாத்தா சொல்வாங்க தம்பி. ‘கம்பத்துக்குப் போய்ட்டு வரேன்’னா இங்கதான்” என்றார்கள்.

திரும்பி நடப்பவர்கள்

நடை முடிந்தது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் இன்னொரு நடை தொடங்குகிறது. சிராங்கூன் சாலையிலேயே சற்று மேலே போனால் சீனிவாசப் பெருமாள் கோயில், 1855-ல் நிறுவப்பட்டது. ஆண்டுதோறும் ஐப்பசியில், தீபாவளிக்கு முன்னால் தீமிதித் திருவிழா வரும். 1840 முதல் நடந்துவரும் விழா அது. பூக்குழி இருப்பது சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலில். ஆனால் பக்தர்கள் மஞ்சள் உடுத்து, வேப்பிலையோடு கிளம்புவது இந்தப் பெருமாள் கோயில் வாசலிலிருந்து. சிராங்கூன் சாலை வழியாக, ஆற்றைக் கடந்து, அம்மன் சன்னதிவரை வெறுங்காலோடு நடக்கிறார்கள். நீங்கள் காலையில் பார்த்த கோபுரத்துக்கே அந்த வழி போகிறது. தூரம் சுமார் 4 கிலோமீட்டர்.